கழுவி வைத்த கால்வாய்

திருப்தி, பரவாயில்லை, திருப்தியில்லை. எங்கள் குழுவின் பார்வைத் தாளில் இருப்பது இந்த மூன்று கட்டங்கள்தான். குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, புல் வெட்டுவது, கால்வாய், சந்தைக் கழிப்பறை என்று மாவட்ட மன்றம் மக்களுக்குச் செய்கிற எதுவாக இருந்தாலும் நாங்கள் நேரில் போய்ப் பார்த்து, ஏதாவது ஒரு கட்டத்தில் சரி போட்டு, கீழே கையெழுத்து வைக்க வேண்டும். அந்தச் சரியை வைத்துத்தான் அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் எதற்குப் பணம், எதற்கு இல்லை என்று முடிவாகும். சரி போடும்போது யாருக்கும் கை நடுங்குவதில்லை. எனக்கும் நடுங்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. மருத்துவமனைப் பதிவு அறையில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்று, ஈப்போ புந்தோங்கிலுள்ள வீட்டில் நாலு பூந்தொட்டிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மன்ற உறுப்பினர்களை இந்த நாட்டில் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சி பெயர் கொடுக்கும், மாநில அரசு நியமிக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெண் ஒருத்தி வேண்டும், மலாயில் நாலு வரி எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று தேடியபோது நான் அகப்பட்டேன். எந்த மன்றம் என்று சொல்லப்போவதில்லை. ஈப்போவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சேவைகளையும் செலவுகளையும் சரிபார்க்கும் குழுவில் நாங்கள் ஏழு பேர். ஏழு பேரில் தாள்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், இன்னொருவர் குழுத் தலைவர். அவர் ஓய்வு பெற்ற மலாய்த் தலைமையாசிரியர். நல்ல மனிதர். யாரையும் இடைமறித்துப் பேசமாட்டார். ஆனால் வாயால் சொல்வதை நம்பமாட்டார். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். மற்றவர்கள் கைப்பேசியில் மூழ்கியிருப்பார்கள். ஏர்கோன் குளிர் எலும்பில் இறங்கும். அதிகாரி ஒவ்வொரு அறிக்கையாக வாசிப்பார். எல்லாவற்றுக்கும் முடிவில் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று குறிப்பில் எழுதுவார்கள். யாருடைய கவனத்தில் என்று முதல் வருடம் நான் கேட்டேன். சிரித்தார்கள். பிறகு சாப்பிட மீஹூன் வந்தது.

என் வாய் சும்மா இருக்காது. அதனால் ஒரு காரியம் நடந்தது. பட்ஜெட் வரைவில் ஒரு வரி எழுத்து ஏறியது. ஒரே ஒரு வரி. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்து வீடுகளுக்கு, தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு, பின்னால் ஓடும் கால்வாயை அகலப்படுத்தவும், பாதைக்கு அடியில் உள்ள உடைந்த குழாயை மாற்றவும் பணம். அந்த வரியை ஏற்றுவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நான் பிறந்த தோட்டம் அதுதான். அதற்காக யாரும் உருக வேண்டாம். எனக்கு அந்த இடத்தின் மீது ஏக்கம் ஒன்றும் கிடையாது. பதினெட்டு வயதில் அங்கிருந்து கிளம்பியபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, கடைசியில் வீடுகள் இருக்கிற துண்டு நிலம் மட்டும் குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது. லோங்காங் என்று லயத்தில் சொல்கிற அந்தக் கால்வாய் மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. மேட்டுப் பக்கத்தில் புதிதாக ஒரு தாமான், வீடமைப்புக் குடியிருப்பு, எழும்பியது. அங்கே மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்திவிட்டார்கள். கனமழை பெய்தால் அந்தத் தண்ணீர் எல்லாம் லயத்துப் பக்கம்தான் இறங்கும். உடைந்த குழாயில் முட்டிக்கொண்டு, கடைசி வீட்டுக்குள் நுழையும்.

அந்தக் கடைசி வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது இளையவள். பள்ளிக்கூடம் ஒன்றில் குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலை. புருஷன் லோரி ஓட்டியவர். இனிப்புநீர் வந்து ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் முழுசாக ஆறவில்லை. அவள் காலையில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேலைக்குப் போவாள். மாலை அவள் திரும்பி வரும்வரை அவர் கட்டிலில் தனியாகக் கிடப்பார்.

முதல் முறை நான் போனபோது அவள் உதவித்தொகை கேட்பாள் என்று நினைத்து, விண்ணப்பப் பாரங்களை எல்லாம் பையில் எடுத்துப் போயிருந்தேன். அவள் பாரத்தைத் தொடவே இல்லை.

"எனக்குக் காசு வேணாக்கா. கூரை வேணாம். நான் வேலைக்குப் போயிருக்கறப்போ தண்ணி ஏறுனா இவர யாரு தூக்குவாங்க? அத மட்டும் பாத்துக் கொடுங்க. அது போதும்லா."

பிறகு சுவரைக் காட்டினாள். கட்டிலை ஒட்டிய சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. முன்பு தண்ணீர் நின்றுபோன அளவு. என் முட்டிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்த முறை ஞாயிற்றுக்கிழமை. அவள் வீட்டில் இருந்தாள். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். அவர் கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீச்சல் கத்துக்கிட்டிருக்கலாம்லா, அதுக்கும் ரெண்டு காலு வேணுமே," என்றார். அவள் அவர் தோளில் ஒன்று போட்டாள்.

கைப்பேசியில் அவள் எடுத்த வெள்ளப் படங்களை நான் குழுவில் காட்டினேன். பொறியியல் பிரிவு அதிகாரி, படம் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று எப்படித் தெரியும், இப்படி ஆயிரம் படம் கைப்பேசியில் சுற்றுகிறது என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்தில் மேசையைத் தட்டினேன். தலைவர் கையை உயர்த்தி, "சரி, நேரில் போய்ப் பார்ப்போம். பார்த்துவிட்டு அந்த வரியை உறுதி செய்வோம்," என்றார். புதன்கிழமை என்று முடிவானது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், கோயில் தலைவருக்குப் போன் அடித்தது. அவர் அந்த லயத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர். என் அண்ணனோடு படித்தவர்.

"அண்ணே, புதன்கிழமை காலைல குழு வருது. பெரிய ஆளுங்க எல்லாம் வாராங்க. கொஞ்சம் பாக்கற மாதிரி வைங்க. என் மானத்த வாங்கிடாதீங்க."

"கவலைய விடு தங்கச்சி. நாங்க பாத்துக்கறோம்லா," என்றார்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து ஏன் வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யோசிக்க ஒன்றுமில்லை. தோட்டத்தில் துரை லயத்தைப் பார்வையிட வருகிற நாள் என்று ஒன்று உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் முன்னால் நடப்பார், துரை பின்னால் வருவார். அதற்கு முந்தின நாள் என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து வந்த கையோடு வாசலைத் தேய்ப்பாள், கால்வாயைத் தென்னை விளக்குமாற்றால் அடித்துக் கழுவுவாள், கிழிந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து உள்ளே திணிப்பாள். அழுக்காக இருக்கிற வீட்டின் முன் துரை நின்றுவிட்டால் அந்த அவமானம் வருடக்கணக்கில் பேச்சாக இருக்கும். துரை ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்பார். இல்லைங்க துரை என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். கூரை ஒழுகினாலும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நான் வாய் கிழியப் பேசியவள். ஆனால் பெரிய ஆள்கள் வருகிறார்கள் என்றதும் என் அம்மாவின் விளக்குமாறு என் கைக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை காலை மன்றத்தின் வேன் லயத்துக்குள் நுழைந்தது. எனக்கே அந்த இடம் அடையாளம் தெரியவில்லை. பாதையோரப் புல் எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. கால்வாயின் இரண்டு கரையிலும் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டு நாள் கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை போட்டு, ஆண்களும் பெண்களுமாக உள்ளே இறங்கி, சேற்றை எல்லாம் வாளியில் அள்ளி, செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். உடைந்த குழாயின் வாயை அடைத்திருந்த மட்டை, பிளாஸ்டிக், மெத்தை எல்லாம் போயிருந்தன. குழாய் உடைந்த இடத்தை மறைத்து இரண்டு பூச்சட்டிகள் வைத்திருந்தார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து இதைச் செய்திருக்கிறார்கள். கோயில் தலைவர் வெள்ளைச் சட்டையில், கையில் மாலையோடு நின்றார். என்னைப் பார்த்து, எப்படி என்று கேட்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார்.

குழுத் தலைவர் கால்வாயின் ஓரமாகவே மெதுவாக நடந்தார். குனிந்து பார்த்தார். பொறியியல் அதிகாரி ஒரு வாளித் தண்ணீரை வாங்கி உள்ளே ஊற்றினார். தண்ணீர் எங்கும் நிற்காமல் ஓடிப்போய்க் குழாய்க்குள் இறங்கியது. யாரோ கை தட்டினார்கள்.

கடைசி வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே சாய வாடை அடித்தது. உள்ளே நுழைந்தேன். சுவர் நீல நிறத்தில் பளபளத்தது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாங்கி மீந்த சாயமாம். நாலு சுவரிலும் அடித்திருந்தார்கள். அந்தப் பழுப்புக் கோடு இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கற்களைக்கூட எடுத்துவிட்டார்கள்; பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று. அவருக்குத் தலை சீவி, திருநீறு பூசி, புதுச்சட்டை போட்டு, இரவல் வாங்கி வந்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வெட்டிய காலின் மேல் ஒரு பூப்போட்ட துண்டு. அவள் வேலைக்குப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

தலைவர் மலாயில் அவளிடமே கேட்டார். "இங்கே தண்ணீர்ப் பிரச்சினை ஏதாவது இருக்கிறதா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கோயில் தலைவரைப் பார்த்தாள். தெளிவான மலாயில், "பிரச்சினை ஒன்றும் இல்லை துவான். எல்லாம் நல்லா இருக்கு," என்றாள்.

நான் உடனே குறுக்கே பேசினேன். கனமழை பெய்தால் இந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறும், இந்தச் சுவரில் இவ்வளவு உயரத்துக்குக் கோடு இருந்தது என்று என் முட்டியைத் தொட்டுக் காட்டினேன். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நீலம். அதிகாரி வாய்க்குள் சிரித்தார். அதற்குள் கோயில் தலைவர், தேத்தண்ணீர் ஆறிவிடும் என்று எல்லோரையும் வெளியே அழைத்தார். மண்டபத்தில் வடை, கேசரி, நாசி லெமாக். எனக்கும் மாலை போட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தாள் கைமாறி என்னிடம் வந்தது. மற்ற ஆறு பேரும் முதல் கட்டத்தில் சரி போட்டிருந்தார்கள். சுற்றிலும் லயத்து ஆள்கள். கை நகத்தில் இன்னும் சேற்றுக் கறை. என் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஏதோ பரீட்சை முடிவு சொல்லப்போகிற மாதிரி. திருப்தியில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராக எப்படிப் போடுவது? இரண்டு நாள் சேற்றில் நின்றவர்கள். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நின்றவர்கள். கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம், வாய் இருக்கிறதே என்று நினைத்தேன். முதல் கட்டத்தில் சரி போட்டேன். கோயில் தலைவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிச் சத்தமாக, "திருப்தியாம்!" என்றார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தக் கடைசி வீட்டுக்காரியும்தான். அந்தச் சரி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

இரண்டு வாரம் கழித்து பட்ஜெட் கூட்டம். கால்வாய்க்கான அந்த வரி விவாதத்துக்கு வந்தது. அதிகாரி, நேரில் பார்த்ததில் நிலைமை திருப்தி, அடுத்த ஆண்டு மீண்டும் பரிசீலிக்கலாம் என்று வாசித்தார். அந்தப் பணம் வேறொரு இடத்துக்குப் போனது. அங்கே குழு போனபோது மக்கள் குப்பையைப் பாதை நடுவில் கொட்டி வைத்து, வேனைச் சுற்றி நின்று கத்தியிருந்தார்கள். அங்கே மூன்றாவது கட்டத்தில் ஏழு சரி.

நான் எழுந்து கத்தினேன். சுத்தம் செய்து வைத்ததைப் பார்த்துவிட்டு வந்து இப்படிச் செய்யலாமா, குழாய் உடைந்திருக்கிறது, மேலே தாமான் இருக்கிறது, ஒரு கால் இல்லாத மனிதர் தனியாகக் கிடக்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் கடைசிவரை கேட்டார். பிறகு அந்தத் தாளை என் பக்கம் மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"புவான், இது உங்கள் கையெழுத்துதானே?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என் கையெழுத்துதான். பதிவு அறையில் முப்பது வருடம் போட்டுப் பழகிய அழகான கையெழுத்து. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் உட்கார்ந்தேன். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று எழுதினார்கள்.

லயத்துக்குப் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயில் தலைவர் இரண்டு தடவை போன் அடித்து, "எப்போ தங்கச்சி வேல ஆரம்பிக்கறாங்க?" என்று கேட்டார். பார்க்கிறேன் அண்ணே என்றேன். அவ்வளவு வாய் பேசுகிறவள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். செங்கற்களைத் திரும்பவும் வைத்திருக்கலாம். கால்வாய் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அவர்கள் இருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நான்.

மழை ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் பெய்தது. புந்தோங்கிலும் அதே மழைதான். நான் துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் லயத்து ஆள்களின் அரட்டைக் குழுவில் படங்கள் வந்து விழ ஆரம்பித்தன. பழுப்புத் தண்ணீர். மிதக்கிற செருப்புகள். வெள்ளை அடித்த கால்வாயே தெரியவில்லை. அப்புறம் ஒரு காணொளி. கடைசி வீட்டு இரும்புக் கதவை நாலு பேர் கடப்பாரையால் நெம்புகிறார்கள்.

உயிரோடுதான் தூக்கினார்கள். கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆறாத கால் அவ்வளவு நேரமும் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப் போயிருந்தது. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து மழையிலேயே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவரைக் கோயில் மண்டபத்தில் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்தார்கள். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை அவருக்கு நினைவு இல்லை. ஒன்பதாவது நாள் போய்விட்டார்.

சாவு வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கோயில் தலைவர், "அவ்ளோ சுத்தமா வச்சிருந்தோமே தங்கச்சி," என்று என்னிடம் அழுதார். சுத்தமாக வைத்ததால்தான் பணம் போனது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்துபோய்க் கால்வாய் ஓரத்தில் தனியாக நின்றுகொண்டார்.

செய்தி குழுத் தலைவர் காதுக்கும் போனது. அவரே எனக்குப் போன் செய்து, மறுபடியும் நேரில் பார்க்க வருகிறோம், செவ்வாய்க்கிழமை என்றார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இறந்தவருக்குப் பதினாறாம் நாள் கருமக்கிரியை.

வெள்ளிக்கிழமை நான் யாருக்கும் சொல்லாமல் லயத்துக்குப் போனேன். கடைசி வீட்டின் கதவு திறந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, வாளியும் பிரஷுமாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீலச் சாயத்தின் மேல் பழுப்புக் கோடு. இந்த முறை முந்தியதைவிட ஒரு சாண் உயரம். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, நாற்காலியில் கிடந்த துணியை அவசரமாக அள்ளினாள்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாம்லாக்கா. வீடு கெடக்கற கெடைய பாருங்க. கொஞ்சம் கழுவி வச்சிருப்பேன்லா."

அந்தச் சேற்றுத் தரையிலேயே உட்கார்ந்தேன். அவள் ஐயோ அக்கா, புடவை என்றாள். புடவை கிடக்கட்டும் என்று கத்தினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போன் அடித்தது, தாளில் சரி போட்டது, பணம் போனது, சொல்லாமல் மறைத்தது. ஒன்றையும் விடவில்லை. அவள் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள், என்னை வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ நான் அன்னைக்கு பிரச்சினை இருக்குன்னு சொல்லியிருந்தா, லோங்காங் கட்டியிருப்பாங்களாக்கா?"

இல்லை, தப்பு என்னுடையது என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை திரும்ப வருகிறார்கள், இந்தச் சுவரை அப்படியே விட முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு என் மேல் வெறுப்பாக இருந்தது. அவள், "அழுக்கு வீட்டுல எப்படிக்கா அவருக்குப் படையல் போடறது?" என்றாள். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சித்தியவானிலிருந்து அவருடைய சொந்தங்கள் வந்திருந்தார்கள். தரையைக் கழுவி விட்டிருந்தாள். மூன்று சுவர்களும் துடைத்துச் சுத்தமாக இருந்தன. கட்டில் கிடந்த பக்கத்துச் சுவரை மட்டும் தொடவில்லை. பழுப்புக் கோடு அப்படியே இருந்தது. அதற்கு முன்னால்தான் படத்தை வைத்து, படையலும் போட்டிருந்தாள். ஒரு கிழவர், சுவரைக் கழுவக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லையா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினாள். அந்த அவமானத்தையும் அவளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. மாலை இல்லை, வடை இல்லை. கால்வாயில் வெள்ளம் கொண்டுவந்த மட்டையும் பிளாஸ்டிக்கும் அப்படியே கிடந்தன. நாற்றம் அடித்தது. கோயில் தலைவர் கசங்கிய சட்டையில் நின்றார். "இந்தத் தடவ ஒன்னும் தொடல தங்கச்சி," என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குழுத் தலைவர் குழாய் உடைந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். பூச்சட்டிகள் தண்ணீரோடு போயிருந்தன.

கடைசி வீட்டுக்குள் போனோம். அவள் அதே இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலைவர் சுவரின் அருகே போய், கோட்டின் மேல் விரலை வைத்தார். பொறியியல் அதிகாரி தலையைத் தூக்கவில்லை. தாளில் அந்தக் கேள்வி அச்சடித்திருக்கிறது. கேட்டே ஆக வேண்டும். தலைவர் தணிந்த குரலில், அதே மலாயில் கேட்டார்.

"இங்கே தண்ணீர்ப் பிரச்சினை ஏதாவது இருக்கிறதா?"

அவள் அவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, தமிழில் சொன்னாள்.

"இப்போ ஒன்னும் பிரச்சினை இல்லைன்னு சொல்லுங்கக்கா. தண்ணி ஏறுனா நான் நடந்து போயிருவேன். தூக்கறதுக்குத்தான் வழி கேட்டேன். இனிமே இந்த வீட்டுல தூக்கறதுக்கு யாரும் இல்ல."

குழுவில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. தலைவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் முதல் வாக்கியத்தை மலாயில் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். மூன்றாவதில் நிறுத்தினேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் பேனாவைக் கையில் வாங்கினேன்.